கூண்டு கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரதேச சபை உறுப்பினர்கள், எங்கள் தோட்டத்துப் பெரிய துரை, மூன்று சங்கத்துத் தலைவர்மார் எல்லோருக்கும் வணக்கம்.

போன கிழமை கோவில் மண்டபத்தில் நீங்கள் கூட்டிய கூட்டத்தில் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். ஒரு மணி நேரம் பேசி ஒரே ஒரு முடிவு எடுத்தீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு மகஜர் கொடுப்பது, கூண்டு வைத்து, எங்கள் நாய்களைத் தூக்கிப் போகிற சிறுத்தையைப் பிடித்துத் தூரமாக எங்காவது கொண்டுபோய் விடச் சொல்வது. மகஜரை என்னிடமும் நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. "வாத்தியாருக்கு நாய் போகல, அதான்" என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள்.

போனது. எங்கள் வீட்டு நாய் மணி போன ஆவணியில் போனது. விடியக் கதவைத் திறந்தால் சங்கிலி வாசலில் கிடக்கிறது, கழுத்துப் பட்டி மட்டும் அறுந்திருக்கிறது. சண்டை நடந்த மாதிரி ஒரு அடையாளமும் இல்லை. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் வேறு. அன்றைக்கு அவ்வளவு பேருக்கு நடுவே எழுந்து சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், இரவு முழுக்க மழை பெய்து விடியும்போது விட்டிருந்தது. கொழுந்துக்குப் போன அக்கா, காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் பதிகிற பிரட்டுக்கு முன்னாலேயே போன் எடுத்தாள். "தம்பி, அஞ்சாம் நம்பர் மலைக்கு வா. மத்தவங்க மிதிக்கிறதுக்கு முன்னாடி வா." போனேன். கான் என்கிற தண்ணீர் வடிகாலின் ஓரத்துச் சேற்றில் தடங்கள். முதலில் பன்றி. இரண்டு குளம்பு, அதற்குப் பின்னால் இரண்டு சின்னப் புள்ளி. பன்றித் தடத்தை மிதித்துக்கொண்டு நாய்கள், குறைந்தது மூன்று, நகம் நகமாகக் குத்தியிருந்தது. அந்த நாய்த் தடம் ஒன்றைப் பாதி மூடினாற்போல வட்டமாக இன்னொரு தடம், நகமே பதியாதது. சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். குந்தியிருந்து என் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், ஏறக்குறையச் சரியாக இருந்தது. தடங்கள் எல்லாம் ஒரே பக்கமாக, கானோடு மேலே ஏறி, சபையின் டிராக்டர் குப்பை கொட்டுகிற வளைவில் போய் முடிந்தன.

"பாத்தியா, பிரட்டுல நிக்கிற மாதிரி வரிசையாத்தான் வந்திருக்கு" என்றாள் அக்கா.

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் பதினாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்த ஒரு வசனத்தில் இருந்த விஷயத்தை எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்திருக்காது. கூட்டத்தில் நீங்கள் பேசியது வரிசையில் கடைசியாக வந்ததைப் பற்றி மட்டும். முன்னால் நின்றவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் ஆட்கள் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். இந்த இலங்கைத் தீவில் வரிப்புலி கிடையாது, சிங்கமும் கொடியில்தான் இருக்கிறது. (ஒரு காலத்தில் "புலி வந்திருக்கு" என்று பஸ்ஸுக்குள் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அது வேறு கதை.) வரிப்புலி இல்லாதது சின்ன விஷயமில்லை. வட இந்தியாவில் ராஜாஜி தேசியப் பூங்காவில் வரிப்புலிகள் பெருகத் தொடங்கியதும் சிறுத்தைகள் காட்டின் ஓரத்துக்கு ஒதுங்கின, ஊர்க் கால்நடைகளை முன்பைவிட அதிகமாகத் தின்றன. பெரியவன் துரத்தினான், சின்னவன் ஊர்ப் பக்கம் வந்தான். இங்கே சிறுத்தைக்கு மேலே ஆள் இல்லை. இளம் ஆண் சிறுத்தையை மூத்த ஆண் விரட்டுவது உண்டு. மற்றப்படி எங்கள் சிறுத்தையைத் தோட்டத்துக்குள் தள்ளிவிட்டவர் என்று யாரும் இல்லை. ஏதோ ஒன்று இழுத்திருக்கிறது.

அதோடு அது புதிதாக வந்த விருந்தாளியும் இல்லை. 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடக்கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் உத்தரவு போட்டது. அதனால்தான் எங்கள் மலைகளில் உச்சியில் காடு, கீழே தேயிலை, ஆற்றோரத்தில் துண்டு துண்டாகக் கொஞ்சம் மரம். ஒரு காட்டுத் துண்டிலிருந்து மற்றதுக்குப் போக வேண்டுமென்றால் தேயிலைக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். சிறுத்தைக்கு எங்கள் தோட்டம் ஒரு ரோடு. ரோட்டில் போகிறவன் நின்று இறங்குவது கடை திறந்திருந்தால்தான்.

கடை எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அந்த வளைவில் கிழமைக்கு இரண்டு தரம் டவுன் குப்பை இறங்குகிறது. மரக்கறிக் கழிவோடு கோழிக்கடைப் பைகளும் வருகின்றன. முதலில் வந்தது காகம். அப்புறம் நாய். லயத்து நாய் என்பது முன்பெல்லாம் லயத்துக்கு, அதாவது எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, ஒன்றோ இரண்டோ இருக்கும், எல்லார் வீட்டுச் சோற்றுக்கும் சொந்தம். இப்போது வளைவில் தங்கி, வளைவிலேயே குட்டி போட்டு, யாருக்கும் சொந்தமில்லாத கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிறு எண்ணிப் பார்த்தேன், இருபதுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன்.

சிறுத்தைக்கு மரையை வீழ்த்துவது பெரும்பாடு. முள்ளம்பன்றி என்றால் வாயெல்லாம் முள். கொழுத்த நாய் ஒன்று குப்பையில் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது என்றால் அதற்கு அது பொங்கல். மும்பை நகரத்தை ஒட்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் சிறுத்தைகளைப் பற்றி 2018இல் ஒரு ஆய்வு வந்தது. அவை வருடத்துக்கு ஏறத்தாழ 1500 தெருநாய்களைத் தின்கின்றன என்றும், அதனால் நாய்க்கடி சுமார் 1000 குறைகிறது என்றும் மதிப்பிட்டார்கள். இதைச் சொல்வது சிறுத்தைக்கு மாலை போடுவதற்காக இல்லை. நாய் இருக்கிற இடத்துக்குச் சிறுத்தை வரும் என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான் என்று காட்டத்தான்.

பன்றியின் கதை வேறு மாதிரி. ஆள் இல்லை என்று ஒன்பதாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டாமல் விட்டு எத்தனை வருடம் என்று துரைக்குத் தெரியும். இடுப்பளவு இருந்த தேயிலை இன்றைக்கு ஆள் உயரத்துக்கு மேல் மரமாகிவிட்டது. இடையில் மானாப்புல், நாயுண்ணிச் செடி, கொய்யா. கொய்யாவை அங்கே யாரும் நடவில்லை. கொண்டைக்குருவி எங்கேயோ பழம் தின்று அங்கே எச்சம் போட்டது, அவ்வளவுதான். கொய்யா காய்த்தது, பன்றி வந்தது. பகலில் அதற்குள்ளே படுக்கை, இரவில் எங்கள் உருளைக்கிழங்குப் பாத்தி. எங்கள் ஆட்கள் கடன்பட்டுப் போட்ட பாத்தியைப் பன்றி ஒரு இரவில் உழுதுவிட்டுப் போகும்.

பன்றி ஏன் லயத்துக்கு இவ்வளவு கிட்ட வந்து படுக்கிறது என்று நான் முன்பு யோசித்ததுண்டு. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பக்கத்து மூஸ் மான்களைப் பற்றி 2007இல் வந்த ஒரு கட்டுரையில் பதில் மாதிரி ஒன்று கிடைத்தது. கரடிகள் பெருகியதும், குட்டி ஈனும் நேரத்தில் பெண் மூஸ்கள் வருடா வருடம் தார் ரோட்டுக்குக் கிட்டக் கிட்ட வந்தனவாம். ரோட்டின் மேல் அவற்றுக்கு ஆசை கிடையாது. கரடிக்கு ரோடு என்றால் பயம், அதனால் கரடிக்குப் பயந்தவளுக்கு ரோடு பாதுகாப்பு. எங்கள் பன்றியும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம். ரேடியோச் சத்தமும் லைட்டும் உள்ள பக்கத்தில் சிறுத்தை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் பன்றி பிழைக்கும். எங்களை நம்பி வருகிற விலங்குக்கு நாங்கள் வைத்திருக்கிறது என்ன? கம்பி.

கம்பி வைப்பது யார் என்று எங்களுக்குத் தெரியும், தலைவர்மாருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். பாத்தி போனவனின் வயிற்றெரிச்சலும் எனக்குப் புரியும், இறைச்சிக்காக வைப்பவனின் கணக்கும் புரியும். ஆனால் பழைய பிரேக் வயரில் போட்ட சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தையை எல்லோரும் டிவியில் பார்த்தோம். இந்த நாட்டில் கருஞ்சிறுத்தை காண்பதே அபூர்வம். உயிரோடு மீட்டு, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துப்போனது. அது பன்றிக்கு வைத்த கம்பி. மலையகத்தில் செத்த சிறுத்தை என்று செய்தி வரும்போதெல்லாம் கீழே இரண்டாவது பந்தியில் அந்தக் கம்பி இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிறுத்தை குறைந்தால் பன்றிக் குட்டிகளைத் தின்ன ஆள் குறையும். பன்றி கூடும். கம்பியும் கூடும்.

சரி, கூண்டுக்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் என்று ஒரு பகுதி. அங்கே தேயிலைக்குப் பதில் கரும்பு. கரும்புக்குள்ளே சிறுத்தை குட்டி போடும், எங்கள் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் குட்டியைக் காண்பது போல அங்கே கரும்பு வெட்டுகிறவர்கள் காண்பார்கள். 2001 முதல் இரண்டு மூன்று வருடம் அங்கே வனத்துறை நீங்கள் கேட்பதைத்தான் செய்தது. கூண்டு வைத்துப் பிடித்தது, தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டது. ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் கூட்டாளிகளும் பிறகு கணக்கெடுத்தார்கள். பிடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் மனிதர்கள் மேல் தாக்குதல் வருடத்துக்குச் சராசரி 4. பிடித்து விடத் தொடங்கிய பிறகு 17. சிறுத்தைகளைக் கொண்டுபோய் விட்ட இடங்களிலும் தாக்குதல் வந்தது.

ஏன் அப்படி? எங்கள் வளைவில் திரிகிற சிறுத்தைக்கு ஒவ்வொரு லயமும், ஒவ்வொரு நாயும், எந்த நேரம் யார் தண்ணீர்ப் பீலிக்குப் போவார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் இத்தனை நாளாக எங்கள் கண்ணில் படாமலே போய் வருகிறது. அதைப் பிடித்துப் பழக்கமில்லாத காட்டில் விட்டால், அங்கே ஏற்கெனவே வேறொன்றின் எல்லை இருக்கும், இரை எங்கே என்று தெரியாது, திரும்பி வரப் பார்க்கும், வழியில் எந்த லயத்திலாவது மாட்டும். இங்கே காலியான இடத்துக்கு அடுத்தது வரும். வருவது பெரும்பாலும் அனுபவமில்லாத இளசு. குப்பை இருக்கிறது, நாய் இருக்கிறது, ரோடு திறந்திருக்கிறது. லயத்தில் ஒரு காம்பரா (குடியிருக்கிற அறை) காலியானால் எத்தனை பேர் துரையிடம் போய் நிற்கிறார்கள் என்று நீங்களே பார்க்கிறீர்களே.

மனிதனைத் தின்னும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இந்த நாட்டில் அதற்குப் பெயர் போனது புணானைச் சிறுத்தை. அதைச் சுட்டது 1924இல். இன்றைக்கும் கொழும்பு அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நூறு வருடம் கழித்தும் அந்த ஒன்றைத்தான் உதாரணம் காட்டுகிறோம் என்றால் யோசித்துப் பாருங்கள். அதற்காகப் பிள்ளைகளை இருட்டில் தனியே அனுப்பச் சொல்லவில்லை. காயம்பட்ட சிறுத்தையும் குட்டியோடு உள்ள தாயும் பாயும். எங்கள் ஆட்கள் சிலர் கீறல் வாங்கியும் இருக்கிறார்கள்.

வருகிறவன் ஒரு இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறான் என்பதற்குப் பிள்ளைகளுக்கு நான் ஒரு பரிசோதனையைச் சொல்வேன், அவர்களுக்கு அது பிடிக்கும். பின்லாந்திலும் சுவீடனிலும் செய்தது. அங்கே டிட் என்று ஒரு குருவி வருடம் முழுக்க ஊரிலேயே இருக்கும். ஈப்பிடிப்பான் என்பது ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்து கோடையில் கூடு கட்டும். ஆய்வாளர்கள் டிட் குடியிருந்த கூட்டுப் பெட்டிகளின் வாசலில் வட்டமோ முக்கோணமோ வரைந்துவிட்டு, காலிப் பெட்டிகளிலும் இரண்டு அடையாளத்தையும் வரைந்து வைத்தார்கள். பிந்தி வந்த ஈப்பிடிப்பான்கள், டிட் வீட்டில் எந்த அடையாளம் இருந்ததோ அதே அடையாளம் உள்ள பெட்டியை எடுத்தன. வட்டத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஊர்க்காரன் இருக்கிற இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்று புதுசு நினைக்கிறது. 2007இல் வந்த ஆய்வு. இத்தனைக்கும் இரண்டும் ஒரே பொந்துக்கும் ஒரே புழுவுக்கும் போட்டி போடுகிறவை.

தூரத்துக்குப் போவானேன், சிங்கராஜ வனத்தில் பல இனக் குருவிகள் ஒன்றாகக் கூட்டம் சேர்ந்து இரை தேடுவதைப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் சகாக்களும் பல வருடமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டத்தில் கரிச்சான் ஒன்று இருக்கும், ஆபத்து என்றால் முதலில் சத்தம் போடுவது அதுதான். மற்றதெல்லாம் அதன் காவலை நம்பிக் காட்டுக்குள் நகரும். குருவிக்குக் கரிச்சான் மாதிரி எங்கள் வளைவில் காகம். காகம் வட்டமிட்டால் நாய்க்குத் தெரியும், நாய் குரைத்தால் மேலே காட்டில் படுத்திருக்கிறதுக்குத் தெரியும். சபையார் டிராக்டரைக் கவிழ்க்கிற ஒவ்வொரு தரமும் வாசலில் ஒரு வட்டம் வரைகிறார்கள்.

காகத்தைச் சும்மா விடவும் முடியாது. ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போகிறவர்கள் விட்டுப்போகும் சோற்றுக்கும் பாணுக்கும் காகங்கள் ஏறின. ஏறின காகம் அங்கே உள்ள ஓணான்களைப் பிடித்துத் தின்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓணான்கள், ஒன்றுக்கு மூக்கில் கொம்பு. சோற்றுப் பார்சலுக்கும் கொம்பு ஓணானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், காகம்தான் சம்பந்தம்.

இதே கண்ணோடு குளவியையும் பார்க்க வேண்டும். சிறுத்தையை விட எங்கள் பெண்களுக்கு உண்மையான பயம் அதுதான். சிறுத்தைக்குக் கூட்டம் போட்டீர்கள், குளவிக்கு யாரும் கூட்டம் போட்டதாக ஞாபகம் இல்லை. போன பங்குனியில் ஏழாம் நம்பர் மலையில் அக்காவோடு ஒன்பது பேருக்குக் கொட்டியது. அக்கா கூடையைக் கவிழ்த்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். அதனால் முகம் தப்பியது. கையிலும் கழுத்திலும் நான் ஊசியை நகத்தால் சுரண்டி எடுத்தேன், முப்பதுக்கு மேல். இரண்டு நாள் அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் அதே மலையில் கொழுந்து.

தோட்டத்தில் எல்லாவற்றையும் குளவி என்போம். அன்றைக்குக் கொட்டியது பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா. கொட்டிய இடத்தில் ஊசி நின்றதே அதற்கு அடையாளம். குளவி கொட்டினால் ஊசி நிற்காது. பெருந்தேனீ வருடம் முழுக்க ஒரு இடத்தில் இருப்பதில்லை. பூவுக்குப் பின்னால் சமவெளிக்கும் மலைக்கும் இடையில் போய் வருகிறது. கோனிகர் தம்பதியினர் இலங்கையில் பார்த்து 1980இலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் மலையில் பூ எது? துரைமார் விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நட்ட டர்பன்டைன் மரம். அது பூத்தால் தேனீ ஏறும். ஏறினால், போன தரம் கட்டிய அதே மரம், பல நேரம் அதே கிளை. தேனீக்குப் பின்னால் தேன்பருந்து. அது தேனுக்கு வருவதில்லை, அடையில் உள்ள புழுவுக்கு வருகிறது. பருந்து அடையைக் கிழித்துக்கொண்டு போய்விடும், அதன் செட்டையில் கொட்டு ஏறாது. கலைந்த தேனீ கீழே யார் அசைகிறார்களோ அவர்கள் மேல் இறங்கும். கீழே அசைகிறவள் என் அக்கா.

"கழுகு கலைத்துவிட்டது" என்று பத்திரிகையில் ஒரு வரி போடுவார்கள், அத்தோடு முடிந்தது. கூட்டை நெருப்பு வைத்துக் கொளுத்துவார்கள். அடுத்த பூவுக்கு அதே கிளையில் இன்னொன்று தொங்கும். சிறுத்தைக்குக் கூண்டு, தேனீக்கு நெருப்பு, இரண்டும் ஒரே யோசனைதான். மரம் தெரியும், மாதம் தெரியும். பூக்கிற காலத்தில் அந்த மரத்துக்குக் கீழே உள்ள நிரைகளுக்கு விடியற்காலையில், கூடு அடங்கியிருக்கும்போது, கங்காணி ஒருவர் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து ஆளை இறக்கினால் என்ன? கூடு தொங்கினால் அந்த நிரையை ஒரு மாதம் விடுவது. கொழுந்து எத்தனை கிலோ போகும்? ஆஸ்பத்திரி லொறிக்கு ஆகிற டீசலை விடவா?

எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது. நாங்களும் ஒரு செடிக்குப் பின்னால் இந்த மலைக்கு வந்தவர்கள்தான். காப்பிக்காகக் கொண்டுவந்தார்கள். 1869இல் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சணம் கண்டது, கொஞ்ச வருடத்தில் காப்பி ஒழிந்தது, தேயிலை நின்றது, தேயிலைக்காகக் கொண்டுவந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம் என் பாட்டனின் பாட்டனை மன்னாரிலிருந்து நடக்க வைத்தது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யானை நடந்த மலை இது. காப்பிக் காலத்துக்குள்ளே சுட்டு முடித்துவிட்டார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்த மேஜர் ரோஜர்ஸ் என்கிறவர் மட்டும் 1400க்கு மேல் சுட்டதாகச் சொல்கிறார்கள். ஒன்று போனால் ஒன்று வந்து நிற்கும் என்பதற்கு எங்களை விடச் சாட்சி யார்?

இப்போது மயில். சின்ன வயதில் மயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கதிர்காமத்துக்குப் போக வேண்டும். இன்றைக்குப் பதுளைப் பக்கம், கண்டிப் பக்கம் எல்லாம் அகவுகிறது. காலநிலை ஒரு காரணம், முட்டையையும் குஞ்சையும் தின்ன நரி குறைந்தது இன்னொரு காரணம் என்கிறார்கள். முருகனின் வாகனம் என்பதால் எங்கள் தோட்டத்தில் யாரும் கல்லெறிய மாட்டார்கள். எறிந்தாலும் நரி திரும்பி வராது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயில் எல்லாம் எண்ணச் சொன்னார்களே, நானும் தாளோடு வாசலில் நின்றேன். எத்தனை என்று எழுதக் கட்டம் இருந்தது. எதற்குப் பின்னால் வந்தது என்று எழுத இடம் இல்லை.

ஆகவே மகஜரை மாற்றி எழுதச் சொல்கிறேன். சபையாரிடம் முதல் கேள்வி அந்த வளைவு. டவுனுக்குக் குப்பை போட வேறு இடம் இல்லை என்று சொல்வீர்கள், எனக்குத் தெரியும், அது பொய்யும் இல்லை. குறைந்தது கோழிக்கடைக் கழிவை மட்டும் பிரித்து, அன்றைக்கே குழியில் போட்டு மூடுங்கள். நாற்றம் நின்றால் வரிசையின் முன் ஆள் கலைந்துவிடும். நாய்களைக் கொல்லக் கேட்கவில்லை. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யக் கால்நடை வைத்தியர் பக்கம் ஒரு கடிதம் போதும். ஆனால் குப்பையை நிறுத்தாமல் கருத்தடை மட்டும் செய்தால் பக்கத்துத் தோட்டத்து நாய் வந்து நிற்கும், காம்பராக் கதைதான்.

துரையிடம் கேட்பது ஒன்பதாம் நம்பர். அதைத் துப்புரவாகக் கொளுத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன், வேண்டாம். கொளுத்தினால் உள்ளே உள்ளதெல்லாம் ஒரே இரவில் லயத்துக்குள் இறங்கும். லயத்தை ஒட்டிய பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வாருங்கள், ஆற்றோரத்து மரத்தையும் உச்சிக் காட்டுக்குப் போகும் பட்டியையும் விட்டுவிடுங்கள். அதன் வழியாக அது அதன்பாட்டில் போகட்டும். பாத்திகளுக்கு வேலி அடிக்கத் தகரமும் கம்பும் தோட்டத்து இஸ்டோரில் எத்தனை கிடக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலி கிடைத்தவன் சுருக்கு வைக்க மாட்டான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. பாதிப் பேராவது வைக்க மாட்டார்கள்.

தலைவர்மாரே, கம்பி விஷயம் உங்கள் கையில். பொலிஸ் வந்து கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் கேட்டால் கொண்டுவந்து போடுவார்கள். கொழுந்து மலையில் குட்டி கண்டால் தூக்கி வர வேண்டாம், போட்டோ எடுக்கக் கூட்டம் கூட வேண்டாம், அந்த நிரையை விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இரவுக்குள் தாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். நாயையும் ஆட்டையும் இரவில் உள்ளே கட்டச் சொல்லுங்கள். அதை நானே செய்யவில்லை. மணியை வாசலில்தான் கட்டியிருந்தேன்.

வருகிற ஞாயிறு அக்காவும் நானும் அந்தக் கானோரமாக நடக்கிறோம். சனி இரவு மழை பெய்தால் தடம் நன்றாகப் பதியும். ஐந்தரைக்குப் பீலியடிக்கு வந்தால் சேர்ந்து போகலாம், வெயில் ஏறினால் சேறு காய்ந்துவிடும். பூட்ஸ் போட்டு வாருங்கள், காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு வாருங்கள். இந்தப் பருவத்தில் அங்கே அட்டை அதிகம்.

இப்படிக்கு,
மகஜரில் கையெழுத்துப் போடாத வாத்தியார்